கீச்சிடும் கதவு, முனகும் ஃபேன், பாடும் டம்ளர்: உரசல் சத்தத்தைக் கண்டுபிடிப்பது, அடக்குவது, எழுப்புவது எப்படி?

வீட்டில் எது கீச்சென்றாலும் உடனே எண்ணெய் புட்டியைத் தேடுகிறோம். பாதி நேரம் அது வேலை செய்கிறது. மீதி நேரம் எண்ணெய் விட்ட பிறகும் சத்தம் அப்படியே இருக்கும், அல்லது இரண்டு நாள் அடங்கிவிட்டுத் திரும்ப வரும். காரணம், சத்தம் கேட்கிற இடமும் அது பிறக்கிற இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. உரசலில் எழும் எந்தச் சத்தத்திலும் மூன்று பங்குகள் உண்டு: இரண்டு பொருள்கள் உரசும் இடம், அந்த உரசலால் அதிரத் தொடங்கும் பொருள், அந்த அதிர்வை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கும் ஒரு பெரிய பரப்பு. மூன்றில் எதையாவது ஒன்றைத் தடுத்தால் போதும், சத்தம் நிற்கும் அல்லது கேட்காத அளவுக்குக் குறையும். எண்ணெய் முதல் பங்கை மட்டும்தான் தொடுகிறது.

இதைப் படித்துவிட்டு நம்புவதைவிட ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. ஒரு பேப்பர் டீ கப், இரண்டு முழம் கனமான பருத்தி நூல் (பம்பரச் சாட்டை இருந்தால் ரொம்ப நல்லது), ஒரு துண்டு ஈர்க்குச்சி, ஈரத் துணி. முதலில் நூலின் ஒரு முனையை யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஈரத் துணியால் நூலைப் பற்றி விட்டு விட்டு இழுங்கள். காதருகே ஏதோ சின்னதாகக் கேட்கும், அவ்வளவுதான். இப்போது கப்பின் அடியில் துளை போட்டு, நூலை உள்ளே விட்டு, முனையை ஈர்க்குச்சியில் கட்டி, குச்சி கப்பின் அடியில் படிந்து நிற்கும்படி செய்துவிட்டு அதே மாதிரி இழுங்கள். கோழி கொக்கரிப்பது போல வீடே கேட்கும். துணியும் அதேதான், நூலும் அதேதான், இழுக்கிற கையும் அதேதான். மாறியது மூன்றாவது பங்கு மட்டும். நூல் மெலிதாக இருப்பதால் அது எவ்வளவு ஆடினாலும் காற்று அதன் இரண்டு பக்கமும் வழுவிப் போய்விடுகிறது. கப்பின் அடிப்பாகம் அகலமானது, அதனால் காற்றை மொத்தமாகத் தள்ளுகிறது.

பிடித்தலும் நழுவுதலும்

சரி, உரசினால் ஏன் சத்தம் வருகிறது? கனமான பீரோவைத் தள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நகர வைக்கத்தான் கஷ்டம், நகர்ந்துவிட்டால் தள்ளுவது கொஞ்சம் லேசு. பள்ளிக்கூடத்தில் நிலை உராய்வு, இயக்க உராய்வு என்று படித்தது இதைத்தான். நின்றிருக்கும் பொருளைப் பிடித்துக்கொள்ளும் உராய்வு அதிகம், நகரும் பொருளைத் தடுக்கும் உராய்வு குறைவு. இப்போது அந்தப் பொருளை ஸ்பிரிங் மாதிரி வளைந்து கொடுக்கும் ஒன்றால் மெதுவாக இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அது நகராமல் ஒட்டிக்கொண்டிருக்கும், ஸ்பிரிங் இழுபட்டுக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் பிடி விட்டுச் சட்டென்று நழுவும், நழுவியதும் ஸ்பிரிங் தளரும், தளர்ந்ததும் மறுபடி பிடித்துக்கொள்ளும். இது ஒரு நொடியில் பத்து முறை நடந்தால் ‘கர்ர்… கர்ர்…’ என்று தனித்தனித் தட்டுகளாகக் கேட்கும். நொடிக்கு இருபதைத் தாண்டும்போது தட்டுகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கும், நூற்றுக்கணக்கில் போனால் ஒரே இழுவையாக ‘கீஈஈ’ என்று ஆகிவிடும். பூமிக்கடியில் பாறைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இறுகி, பிறகு ஒரே மூச்சில் நழுவுவதையும் இந்த வழியில்தான் விளக்குகிறார்கள். பிரேஸ், பயர்லீ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1966ல் இப்படித்தான் பல நிலநடுக்கங்கள் உண்டாகலாம் என்று எழுதினார்கள். கதவுக் கீலில் நடப்பதும் அதுவும் ஒரே சங்கதி என்பது எனக்கு இன்றும் பெரிய ஆச்சரியம்.

இதிலிருந்து உடனே கைக்குப் பயன்படும் இரண்டு விஷயம் கிடைக்கிறது. ஒன்று, வேகம். இந்தப் பிடித்து நழுவும் ஆட்டம் மெதுவான நகர்வில்தான் நன்றாக நடக்கும். ராத்திரி நேரம் கழித்து வருபவர்கள் யாரும் எழுந்துவிடக் கூடாதே என்று கதவை அங்குலம் அங்குலமாகத் திறப்பார்கள், கதவு அப்போதுதான் முழு நீளத்துக்கும் கத்தும். ஒரே சீராக, கொஞ்சம் வேகமாகத் திறங்கள். இரண்டு, அழுத்தம். உரசும் இடத்தில் பாரம் குறைந்தால் பிடியும் குறையும். கதவின் கைப்பிடியைப் பிடித்து லேசாக மேலே தூக்கியபடி திறந்தால் பல கதவுகள் வாயே திறக்காது.

எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது

காதை நம்பாதீர்கள். காது மூன்றாவது பங்கைத்தான் காட்டிக்கொடுக்கும், கையை நம்புங்கள். சத்தம் வந்துகொண்டிருக்கும்போது சந்தேகப்படும் இடங்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் சத்தம் செத்துவிட்டால் அல்லது சுருதி மாறினால் அந்த இடத்துக்கு இதில் பங்கு இருக்கிறது. ஒரு ஆள் கதவை ஆட்ட, இன்னொரு ஆள் தொட்டுப் பார்ப்பது என்று இரண்டு பேர் சேர்ந்து செய்தால் சீக்கிரம் முடியும்.

கை எட்டாத இடத்துக்கும், ஓடுகிற மோட்டார் மாதிரி தொடக் கூடாத இடத்துக்கும் பழைய மெக்கானிக்குகள் செய்யும் வேலை இருக்கிறது. நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை இயந்திரத்தின் அசையாத பாகத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்துவார்கள். அதிர்வு இரும்பு வழியாக நேரே வந்துவிடும், சுற்றியிருக்கும் சத்தம் எல்லாம் பின்னுக்குப் போய்விடும். ஸ்குரூ டிரைவர் வேண்டாம் என்றால் ஒரு மரக் கம்பு போதும். மின்சாரம் ஓடும் பாகத்தின் பக்கம் இரும்பைக் கொண்டுபோகவே கூடாது, சுழலும் பாகத்தின் பக்கம் எதையும் கொண்டுபோகக் கூடாது.

இன்னொன்று, சத்தத்தை எண்ணுங்கள். ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு தட்டுகிறதா, ரெக்கைக்கு ஒன்றாக மூன்று தட்டுகிறதா? வேகத்தைக் குறைத்தால் தட்டும் குறைகிறதா, அல்லது அதே ரீங்காரம் நிற்கிறதா? சுழற்சியோடு சேர்ந்து மாறினால் சுழலும் பாகத்தில் குறை. மாறாமல் ஒரே சுருதியில் நின்றால் மின்சாரம் அல்லது ஏதோ ஒரு பொருளின் சொந்த அதிர்வு. ஃபோனில் பதிவு செய்து மெதுவாக ஓடவிட்டால் எண்ணுவது சுலபம்.

கதவு

கதவில்தான் அதிகம் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லோரும் தப்பாகச் செய்வதும் இங்கேதான். கீலின் ஆணியும் அதைச் சுற்றிய குழலும் உரசுகின்றன. கீல் சின்னது, அதனால் தனியாக அதிகம் சத்தம் போட முடியாது. கழற்றி வெளியே எடுத்து ஆட்டினால் முனகல்தான் கேட்கும். அதைத் திருகி வைத்திருக்கும் கதவுப் பலகைதான் ஒலிபெருக்கி. அதனால்தான் கனமான தேக்குக் கதவைவிட உள்ளே பொள்ளலாக இருக்கும் ஃப்ளஷ் கதவு அதிகம் அலறுகிறது: லேசான அகலமான பலகை சுலபமாக ஆடும்.

முதலில் தேங்காய் எண்ணெயைக் கீழே வையுங்கள். அது உடனே சத்தத்தை நிறுத்தும், சந்தேகமில்லை. ஆனால் காற்று பட்டுப் பட்டுப் பிசுக்காகும், தூசியைப் பிடிக்கும், சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு இது சொல்லவே வேண்டாம். பிசுக்கும் தூசியும் சேர்ந்த கீல் முன்னைவிட மோசமாகப் பிடித்துப் பிடித்து விடும். சமையல் எண்ணெய் எல்லாமே இதே கதைதான்.

கீலின் ஆணி கழற்றக்கூடியதா என்று பாருங்கள். கழலும் என்றால் அடியிலிருந்து ஒரு பெரிய ஆணியை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டி மேலே எடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கீல் மட்டும், இல்லாவிட்டால் கதவு காலில் விழும். ஆணியில் துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, மெல்லிய படலமாக கிரீஸ் தடவித் திரும்பப் போடுங்கள். நம் ஊர் இரும்புக் கீல்களில் பாதிக்கு மேல் ஆணி கழலாதபடி இரண்டு பக்கமும் அடித்துத்தான் வரும். அதற்கு ஊசி இல்லாத சிரிஞ்சில் தையல் மெஷின் எண்ணெய் எடுத்து, கீலின் இடுக்குகளில் மேலிருந்து துளித் துளியாக விட்டு, கதவைப் பல தடவை முழுக்கத் திறந்து மூட வேண்டும். கறுப்பாக ஒரு குழம்பு வெளியே வரும். அதைத் துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள், கறுப்பு வருவது நிற்கும்வரை. இந்தத் துடைக்கும் வேலையை விட்டுவிடுவதால்தான் பலருக்குச் சத்தம் ஒரே வாரத்தில் திரும்பி வருகிறது; அந்தக் கறுப்பு, இரும்புத் தூளும் துருவும்தான், அதை உள்ளே விட்டுவைத்தால் அதுவே கீலைத் தின்னும்.

எண்ணெய் விட்டும் அடங்கவில்லையா? அப்போது கீலைத் திருகியிருக்கும் ஸ்குரூக்களைப் பாருங்கள். ஸ்குரூ தளர்ந்தால் கதவு தொங்கும், தொங்கினால் மேல் கீலில் இழுவை கூடும், உரசல் கூடும். துளை பெரிதாகிப் போயிருந்தால் தீக்குச்சிகளைப் பசையில் தோய்த்துத் துளையில் அடைத்து, காய்ந்த பிறகு ஸ்குரூவை முறுக்கினால் பிடிக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கதவு நிலையில் இடித்துக்கொண்டு ‘கிர்ர்’ என்றால் அது வேறு விவகாரம். மரம் ஈரம் குடித்து ஊதியிருக்கிறது. நிலையின் விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்துக் கதவை மூடித் திறங்கள், கதவில் வெள்ளை ஒட்டிய இடம்தான் உரசும் இடம். அங்கே மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்துவிடுங்கள். மழைக்காலத்திலேயே ஆசாரியைக் கூப்பிட்டு இழைப்புளி போடச் சொல்லாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது வழக்கம். பங்குனி, சித்திரையில் மரம் சுருங்கியதும் அந்த இடுக்கில் பல்லி புகுந்து வரும். வெயில் காலத்திலும் இடித்தால் அப்போது இழையுங்கள்.

பூட்டுத் துளைக்கு எண்ணெய் வேண்டாம், பென்சில் முனையைச் சீவிய தூள் போதும். அது தூசியைப் பிடிக்காது.

கட்டிலும் ஊஞ்சலும்

மரக் கட்டில் சத்தத்தில் முக்கால்வாசி, இணைப்புகள் தளர்வதால் வருவது. போல்ட்டை முறுக்குங்கள். முறுக்கியும் நிற்கவில்லை என்றால் படுக்கைக்கு அடியில் இருக்கும் பிளைவுட்டைத் தூக்கிப் பாருங்கள். அது சட்டத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும், நீங்கள் புரளும்போதெல்லாம் சட்டத்தில் உரசும், கூடவே அத்தனை பெரிய பலகையாக அதுவே சத்தத்தைப் பரப்பும். இரண்டாவது பங்கும் மூன்றாவது பங்கும் ஒரே ஆளிடம் இருக்கிறது. பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டிச் சட்டத்தின் மேல் ஒட்டி, அதன் மேல் பலகையை வையுங்கள். ரப்பர் நழுவாமல் சேர்ந்து வளையும், அதிர்வைத் தனக்குள்ளேயே விழுங்கிவிடும். சைக்கிள் டியூப் அளவுக்கு மலிவாக இத்தனை சத்தத்தை அடக்கும் பொருள் வேறு எதுவும் கிடையாது.

ஊஞ்சல் ஒவ்வொரு ஆட்டத்தின் இரண்டு கடைசியிலும் கீச்சிடுவதைக் கவனித்திருப்பீர்கள். அங்கேதான் அது நின்று திரும்புகிறது, அங்கேதான் நகர்வு மெதுவாகிறது. சங்கிலி வளையங்களில் கிரீஸ் போட்டால் புடவையும் வேட்டியும் பாழாகும், அதனால் வளையங்களுக்கு மெழுகு, கிரீஸ் மேலே கூரைக் கொக்கியில் மட்டும். ஏணி போட்டு ஏறியதற்கு அப்படியே அந்தக் கொக்கியை நன்றாகப் பாருங்கள். வளையம் உட்காரும் இடத்தில் இரும்பு தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் கிரீஸ் போட்டு மூடி மறைக்காமல் கொக்கியையே மாற்ற வேண்டும். குழந்தைகள் ஆடுவது.

ஃபேன்

மெயினை அணைத்துவிட்டுத்தான் தொட வேண்டும், ரெகுலேட்டரைப் பூஜ்ஜியத்தில் வைப்பது போதாது.

சீலிங் ஃபேன் முழு வேகத்தில் நிமிடத்துக்கு முந்நூற்றைம்பது சுற்று அளவில் சுற்றும், அதாவது நொடிக்கு ஆறு. அந்தக் கதியில் ‘டக் டக்’ என்று கேட்டால் ரெக்கையின் ஸ்குரூ ஒன்று தளர்ந்திருக்கிறது, அல்லது மேலேயோ கீழேயோ இருக்கும் கிண்ண மூடி தண்டோடு இடிக்கிறது. மூடியை ஒரு விரல் நகர்த்தி முறுக்கினாலே தீர்ந்துவிடும். ஃபேன் கூடவே ஆடுகிறது என்றால் ரெக்கைகளில் படிந்த தூசி ஒரு பக்கம் அதிகமாக இருக்கலாம், துடைத்துவிட்டுப் பிறகு பாருங்கள்.

மேலே கொக்கியில் மாட்டும் இடத்தில் ஒரு ரப்பர் உருளை இருக்க வேண்டும். பல வருஷம் ஆன ஃபேன்களில் அது காய்ந்து வெடித்துப் போயிருக்கும், இரும்பு இரும்பில் உரசி மெல்ல ‘கீச்… கீச்’ என்று கேட்கும், அதைவிட முக்கியமாக மோட்டாரின் அதிர்வு முழுதும் கூரைக்குள் இறங்கி மேல் வீட்டுக்காரருக்கும் கேட்கும். உருளை கடையில் சில ரூபாய்தான். ‘கர்ர்ர்’ என்று அரைபடும் சத்தம் என்றால் பேரிங் போய்விட்டது. பெரும்பாலும் 6201 அல்லது 6202 எண்ணுள்ளது இருக்கும், மூடிய பேரிங்காக இருந்தால் எண்ணெய் விட்டுப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

குறைந்த வேகத்தில் வைத்தால் மட்டும் ‘ம்ம்ம்ம்’ என்று முனகினால் ஃபேனில் குறையே இல்லை. சில எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள் மின்னலையைத் துண்டு துண்டாக வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கின்றன, அந்த வெட்டு மோட்டாரின் இரும்பைக் குலுக்குகிறது. கபாசிட்டர் வைத்த, படிப்படியாக மாறும் ரெகுலேட்டரைப் போட்டால் முனகல் போய்விடும். தெருமுனை டிரான்ஸ்பார்மரும் பழைய டியூப் லைட் சோக்கும் இரைவதும் இதே இனம்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலை, ஒவ்வொரு அலையிலும் இரும்பு இரண்டு முறை இழுபடுவதால் இரைச்சல் 100 ஹெர்ட்ஸில் கேட்கும்.

கடகடவென்று நடுங்கும் சாமான்கள்

டவுன் பஸ் சிக்னலில் நிற்கும்போது ஜன்னல் கண்ணாடி எல்லாம் படபடவென்று அடித்துக்கொள்ளும், வண்டி கிளம்பி வேகம் எடுத்ததும் அடங்கிவிடும். ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென்று ஒரு அதிர்வெண் உண்டு, வெளியே இருந்து வரும் குலுக்கல் அந்த எண்ணில் வந்தால் கொஞ்சம் குலுக்கினாலே நிறைய ஆடும். ஒத்ததிர்வு என்பது இதுதான். நிமிடத்துக்கு 600 சுற்றில் நிற்கும் ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின் நொடிக்கு 30 முறை வெடிக்கிறது, தளர்ந்த கண்ணாடிச் சட்டத்துக்கு அந்த மெதுவான குலுக்கல் போதும்.

வீட்டில் இதைச் செய்வது ஃப்ரிட்ஜ். கம்ப்ரெஸ்ஸர் ஓடத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் மேலே அடுக்கிய எவர்சில்வர் கிண்ணங்கள் கிணுகிணுக்கும். கிண்ணத்தை எடுத்துவிடலாம், அல்லது அடியில் ஒரு துணி. ஃப்ரிட்ஜே அதிர்ந்தால் அதன் முன்கால்களைத் திருகி நான்கு காலும் தரையில் பதியும்படி செய்யுங்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மிக்ஸி மேடையில் நகர்ந்து கத்தினால் அடியில் இருக்கும் ரப்பர் புஷ் நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். குழாயைப் பாதி திறந்தால் மட்டும் ஊளையிடும், முழுக்கத் திறந்தால் நின்றுவிடும் என்றால் உள்ளே வாஷர் தளர்ந்து தண்ணீர் ஓட்டத்தில் துடிக்கிறது. வாஷரை மாற்றினால் போதும்.

பிரேக்

சைக்கிள் பிரேக் கத்தினால் எண்ணெய் விடவே கூடாது. விட்டால் சத்தத்தோடு பிரேக்கும் போய்விடும். ரிம்மில் படிந்த கறுப்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்து, ரப்பர் கட்டையின் வழவழப்பான மேல்தோலை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து எடுங்கள். அதற்கு மேலும் கத்தினால் கட்டையைக் கொஞ்சம் சாய்த்து மாட்ட வேண்டும்: சக்கரம் சுற்றும் திசையில் பார்த்தால் கட்டையின் முன்முனை முதலில் ரிம்மைத் தொடவும், பின்முனை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு விலகியிருக்கவும் செய்யுங்கள். கட்டையின் பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவில் ஒரு அட்டைத் துண்டை வைத்து, பிரேக்கைப் பிடித்தபடி நட்டை முறுக்கினால் அந்தச் சாய்வு தானாக வந்துவிடும். பிடித்து நழுவும் ஆட்டம் தொடங்க விடாமல் செய்யும் வேலை இது.

கார் பிரேக்கில் ஒரு சத்தத்தை மட்டும் அடக்க நினைக்காதீர்கள். பல வண்டிகளின் பிரேக் பேடில் சின்ன உலோகத் தகடு ஒன்றை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள், பேட் தேய்ந்து முடியும் தறுவாயில் அது டிஸ்க்கைத் தொட்டுக் கிறீச்சிடும். பேடை மாற்றச் சொல்லிக் கத்துகிறது, மாற்றிவிடுங்கள்.

பல் கூசும் சத்தம்

கரும்பலகையில் சாக்பீஸ் கிறீச்சிட்டாலும், எவர்சில்வர் தட்டில் கரண்டி இழுபட்டாலும் உடம்பு சிலிர்க்கிறது. இந்தச் சத்தங்களில் நம்மை அதிகம் வதைப்பது 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. காதுத் துளை இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை மூடிய குழாய். அந்த நீளத்துக்கு 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி உள்ளே பெருகும், அதனால் காது அங்கேதான் மிகக் கூர்மை.

சாக்பீஸை இரண்டாக உடைத்து எழுதும் ஆசிரியர்கள் சரியாகத்தான் செய்கிறார்கள். நீளமான சாக்பீஸின் நுனியிலிருந்து விரல் வரை உள்ள பகுதி அதிர்கிறது. அது குட்டையானால் அவ்வளவு சுலபமாக ஆடாது. பலகைக்குச் செங்குத்தாகக் குத்தாமல் சாய்த்து, நுனிக்கு அருகில் பிடித்து எழுதினாலும் இதே பலன். தட்டுத் தேய்க்கும்போது வரும் கிறீச்சுக்கு, தட்டை ஈரத் துணியின் மேல் படுக்க வைத்து, இன்னொரு கையால் முழு உள்ளங்கையும் பதியப் பிடித்துக்கொண்டு தேயுங்கள். தட்டின் அதிர்வு கையிலும் துணியிலும் செத்துவிடும்.

இனி, சத்தம் வேண்டும் என்றால்

இதுவரை அடக்கிய அதே ஆட்டத்தை ஒழுங்காக நடக்க விட்டால் சங்கீதம் வரும். மெல்லிய விளிம்புள்ள, தண்டு வைத்த கண்ணாடி டம்ளர் ஒன்றை எடுங்கள். கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். துளி எண்ணெய் இருந்தாலும் விரல் வழுக்கிக்கொண்டே போகும், பிடிக்காது. வடை தின்ற கையால் சொடக்குப் போட முடியாததும் இதனால்தான். டம்ளரின் அடியை ஒரு கையால் மேஜையோடு அழுத்திக்கொண்டு, மறுகையின் ஈர விரலால் விளிம்பை லேசான அழுத்தத்தில், மெதுவாக, விடாமல் சுற்றுங்கள். முதலில் ஒன்றும் வராது, பிறகு திடீரென்று பாடத் தொடங்கும். தண்ணீர் ஊற்ற ஊற்றச் சுருதி இறங்கும், ஏனென்றால் கண்ணாடி தன்னோடு தண்ணீரையும் சேர்த்து ஆட்ட வேண்டியிருக்கிறது. ஜலதரங்கக் கிண்ணங்களில் சுருதி சேர்ப்பதும் இந்தக் கணக்கில்தான், அங்கே குச்சியால் தட்டுகிறார்கள் என்பது மட்டும் வித்தியாசம். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1761ல் கண்ணாடிக் கிண்ணங்களை ஒரே அச்சில் கோத்துச் சுழலவிட்டு, ஈர விரலால் தொட்டு வாசிக்கும் வாத்தியமே செய்தார்.

வயலினில் விரலுக்குப் பதில் வில்லில் கட்டிய குதிரை முடி, ஈரத்துக்குப் பதில் ரோசின் என்ற மரப்பிசின். ரோசின் தடவாத புது வில்லைத் தந்தியில் இழுத்தால் சத்தமே வராது என்று சொல்லலாம், முடி சும்மா வழுக்கிப் போகும். தடவினால் தந்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நழுவவிடும், மறுபடி பிடிக்கும். 440 ஹெர்ட்ஸ் சுரம் என்றால் ஒரு நொடிக்கு 440 பிடி, 440 நழுவல். தந்தி வில்லோடு வளைந்து ஆடுவதாகத்தான் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் தந்தியில் ஒரு கூர்மையான முனை உண்டாகி இங்கும் அங்கும் ஓடுகிறது, அது வில்லைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் பிடி விடுகிறது அல்லது பிடிக்கிறது. 19ம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைக் கண்டார். இந்த ஆட்டத்தின் இயக்கவியலைக் கணக்குப் போட்டு 1918ல் ஒரு நூலாகவே வெளியிட்டவர் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். ஒளிச்சிதறலுக்கு முன்பே கல்கத்தாவில் பல வருஷம் அவர் வயலினோடுதான் மல்லுக்கட்டினார், வில்லின் வேகத்தையும் அழுத்தத்தையும் மனிதக் கை தடுமாறாமல் அளப்பதற்காக இயந்திரத்தால் வாசிக்கப்படும் வயலினையே அமைத்தார். வயலின் கற்பவர்களுக்கு இதில் நேரடிப் பாடம் இருக்கிறது: தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற கட்டைக்குப் பக்கத்தில் வாசிக்கும்போது அழுத்தம் கூட வேண்டும், விலகி வாசிக்கும்போது குறைய வேண்டும். போதாத அழுத்தத்தில் தந்தி சீறும், மிஞ்சிய அழுத்தத்தில் கரகரக்கும்.

தோலை உரசி எழுப்பும் வாத்தியமும் நம்மிடம் இருக்கிறது, உறுமி. ஒரு பக்கத் தோலைக் குச்சியால் அடிப்பார்கள், மறு பக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். அடி வயிற்றைப் பிசையும் அந்த ‘உர்ர்ரும்’ தேய்ப்பதில்தான் வருகிறது. குச்சியின் அழுத்தத்தையும் வேகத்தையும் மாற்றி மாற்றிச் சத்தத்தை ஏற்றி இறக்கும் வாசிப்பைக் கோவில் கொடையில் பக்கத்தில் நின்று பார்த்தால் இந்தக் கட்டுரையின் முதல் பாதி முழுதும் ஒருவர் கையில் நடப்பது தெரியும்.

கடைசியாக, அதிர்வைக் கண்ணால் பார்க்க ஒரு வழி. ஒரு சாண் சதுரமான, ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள தட்டையான உலோகத் தகட்டின் நடுவில் துளை போட்டு, ஒரு கனமான மரக்கட்டையின் மேல் போல்ட் வைத்து முறுக்குங்கள், ஓரங்கள் எங்கும் தொடக் கூடாது. மேலே உலர்ந்த தூள் உப்பையோ ரவையையோ பரவலாகத் தூவி, ரோசின் தடவிய பழைய வயலின் வில்லால் தகட்டின் ஓரத்தை மேலிருந்து கீழாக இழுங்கள். தகடு கணீரென்று ஒலிக்கும், ரவை துள்ளித் துள்ளி அதிராத கோடுகளில் போய் ஒதுங்கும், தகட்டில் கோலம் விழுந்துவிடும். கிளாட்னி என்ற ஜெர்மானியர் 1787ல் மணலை வைத்து இதைக் காட்டினார். கோல மாவு மாதிரி மிக நைசான பொடியைப் போடாதீர்கள்: தகட்டின் மேல் உண்டாகும் சின்னக் காற்றோட்டத்தில் அது எதிர்ப்பக்கம், அதாவது அதிகம் அதிரும் இடத்துக்கே போய்க் குவியும், அதன் காரணத்தை 1831ல் ஃபாரடே கண்டுபிடித்தார். ஓரத்தில் ஒரு இடத்தை விரலால் தொட்டுக்கொண்டு மறுபடி இழுத்தால் சுருதியும் கோலமும் சேர்ந்து மாறும். விரலை நகர்த்த நகர்த்தப் புதுப் புதுக் கோலம் வரும். வில்லை இழுக்கும் ஓரத்தை மட்டும் முன்கூட்டியே உப்புத்தாளால் மழமழவென்று தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் முடி அறுந்துவிடும்.